தனிக்கவனம் வேண்டும் பிள்ளைகளின் கல்வி

(மதுரையில் கூடிய நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளார்கள். கல்வியின் பெருமையை இச்சபையில் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். கைப்பொருளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டுவதும், விடுதி நடத்துவதும், ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் அளிப்பதும் இந்நாட்டுச் சமூகச் சங்கங்களுக்குப் புதியன அல்ல. ஆதலின் அப்பெருமைகளை விடுத்து, அக்கல்வி இன்னும் சென்றெட்டாத ஒரு சாராரைப் பற்றிப் பேச விழைகின்றோம். அவர்கள் அயலார் அல்லர். நம் வீடுகளின் உள்ளறைகளில் இருப்போர். விருந்தினர் வரும்போது பின்கட்டுக்கு அனுப்பப்படுவோர். கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, கைகால் வழங்காத பிள்ளை, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி பெறாத பிள்ளை, மற்றெல்லாவற்றிலும் சூட்டிகையாயிருந்தும் எழுத்து மட்டும் ஏறாத பிள்ளை ஆகிய இவர்களே அச்சாரார்.

இவர்கள்பால் இரக்கம் கொள்ளுங்கள் என்று வேண்ட நாம் இங்கு நிற்கவில்லை. இரக்கத்துக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. இப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தாளில் எழுதிய ஒரு கல்வித் திட்டம் வேண்டும். பிள்ளையால் எது முடியும் என்பதிலிருந்து அத்திட்டம் தொடங்க வேண்டும். இன்ன காரியத்தை இன்னார் இன்ன நாளுக்குள் செய்வது என்ற பொறுப்பு அதில் குறிக்கப்பட வேண்டும். இதற்கு நம் சங்கம் துணை நிற்க வேண்டும். நாம் சொல்லவந்தது இவ்வளவே.

இஃது அயல்நாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமை என்று எவரும் எண்ண வேண்டா. இரட்டைப் புலவர்களின் கதையை அறியாதார் நம்மில் யாருளர்? ஒருவர் கால் வழங்காதவர். மற்றவர் கண் தெரியாதவர். கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளிற் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது கர்ண பரம்பரை. ஒருவர் செய்யுளின் முற்பாதியைத் தொடங்க, மற்றவர் பிற்பாதியை முடிப்பாராம். நம் மீனாட்சியம்மன் கோயிற் பொற்றாமரைக் குளத்தோடும் அவர்கள் கதையொன்று சேர்த்துச் சொல்லப்படுகிறது. அவ்விருவரும் தமக்கு இல்லாததை எண்ணிக் கலங்கியிராமல், உள்ளதை எண்ணி வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அப்பங்கீட்டையே இக்காலத்துக் கல்வியறிஞர் திட்டம் என்கின்றனர்.

பழநியில் 1836-ஆம் ஆண்டு பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் 3 வயதில் அம்மை நோயாற் கண்ணிழந்தவர். அவர் தமிழ் இலக்கண இலக்கியங்களையெல்லாம் செவிவழியே கற்றுச் சேதுபதி சமஸ்தானத்தில் புகழ்பெற்றார். அவருடைய நினைவாற்றலை வியந்து பேசுவோர் பலர். அவர்க்கு நாள்தோறும் ஏட்டை வாசித்துக் காட்டியவர்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. வாசித்துக் காட்ட ஆள் கிடைத்த பிள்ளை புலவரானார். கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேரோ, அவர்கள் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்த முறையையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். கற்கும் வாயில் ஒன்றுக்கு மேற்பட்டது என்பது நம் முன்னோர் அறிந்ததே.

அவர்கள் அறிந்ததற்கும் நாம் இன்று அறிவதற்கும் வேற்றுமையும் உண்டு. சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரையாக உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றுச் செய்யுள், மக்கட் பிறப்பில் நேரும் குறைகளை எட்டாக எண்ணுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை எண்ணுகிறது. அவ்வெட்டும் பெரும்பாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிவன. இருபத்தொன்றிலோ பார்த்தால் தெரியாதனவும் உள. அவற்றுள் ஒன்று கற்றல் குறைபாடு. இப்பிள்ளைக்குக் கண்ணும் காதும் கையும் செவ்வனே இருக்கும். பேச்சும் புத்தியும் குறைவிரா. அச்செழுத்தைக் கண்டால் மட்டும் மனம் தடுமாறும். சட்டம் தனிப்பெயரிட்டுக் காக்கும் இக்குறைக்கு நம் வகுப்பறைகளில் வழங்கும் பெயர் ‘மக்கு’ என்பது. அதற்கு நாம் கண்ட மருந்து பிரம்பு.

நிற்க. இப்பிள்ளைகள் ஏன் மறைக்கப்படுகின்றனர் என்பதை முதலில் ஆராய வேண்டும். வறுமை ஒரு காரணம். அறியாமை மற்றொரு காரணம். இவ்விரண்டினும் வலியது மூன்றாவது காரணம். அது நம் போன்ற சமூகச் சங்கங்களின் கூட்டங்களிலேயே பேசத்தக்கது. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும். ‘அந்த வீட்டில் இப்படியொரு பிள்ளை இருக்கிறதாம்’ என்ற பேச்சு எழுந்தால் சம்பந்தம் தட்டிப்போகும். ஆகையால் இளையவனை வெளியிற் காட்டலாகாது. பெற்றோர் கல்நெஞ்சராய் இதைச் செய்யவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்வைக் காக்க மற்றொரு பிள்ளையின் வாழ்வை அடைத்து வைக்கின்றனர். வரன் பார்ப்பதும் சம்பந்தம் பேசுவதும் சமூகத்துக்குள்ளேயே நிகழ்வன. அச்சத்தின் ஊற்று இங்கேயே இருத்தலால், அதைத் தூர்க்கும் வேலையும் இங்கேயே தொடங்க வேண்டும். இதை ஆசிரியரும் செய்ய மாட்டார். அரசாங்கமும் செய்ய மாட்டாது.

மறைத்து வைக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்குப் பெருநஷ்டம். காது கேளாத குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சைக் கேட்டு மூளை பழகுங்காலம் பிறந்த முதற்சில ஆண்டுகளே. அக்காலத்தில் ஒலி எட்டாவிடின், பிற்பாடு கருவி பொருத்தினாலும் பேச்சு வருவது கடினம். இதனாலேயே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் உட்செவிக் கருவி பொருத்தும் சிகிச்சை 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென வகுக்கப்பட்டது. ‘அப்பனும் தாமதமாகத்தான் பேசினான், இவனும் பேசுவான்’ என்று பாட்டிமார் ஆறுதல் சொல்லிக் கடத்தும் ஆண்டுகளே அந்த ஆறு ஆண்டுகள்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூசாமற் சொல்ல வேண்டும். மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற் பல சமூகங்களில் வேரூன்றியது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் உறவினரை மணந்தவர்கள். பிறவிச் செவிடு முதலிய சில குறைகள் நெருங்கிய இரத்த உறவு மணங்களில் மிகுதியாகத் தோன்றுவதை மருத்துவர் பலகாலமாக எடுத்துச் சொல்லி வருகின்றனர். உறவில் மணந்தார் எல்லார்க்கும் குறையுடைய மகவு பிறக்கும் என்பதன்று இதன் பொருள். உறவில் மணவாதார்க்கும் இக்குறைகள் நேரவே செய்கின்றன. பேறுகாலச் சிக்கல், மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. குடும்பத்தில் முன்னமே இத்தகைய குறை கண்டிருப்பின், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் அறிவுடைமை. பிள்ளை பிறந்தபின் தாயைக் குற்றஞ்சாட்டுதல் எவ்வாற்றானும் அறமாகாது.

இனித் திட்டத்துக்கு வருவோம். எந்தத் திட்டத்துக்கும் முதற்படி, பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்தல். கரும்பலகை மங்கலாய்த் தெரிகிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை, உலகமே அப்படித்தான் என்றெண்ணிப் பின்வாங்கிவிடும். ஒரு மூக்குக் கண்ணாடியோடு தீரும் குறைக்கு ‘படிப்பு வராது’ என்று முத்திரை குத்துதல் எவ்வளவு கொடுமை! மதுரை மக்களுக்கு இதில் ஒரு பேறு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு இந்நகரில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகம் அறிந்த நிலையம். அவர் முதலிற் பயில விரும்பியது மகப்பேற்று மருத்துவம். கடுமையான மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொள்ள, அத்துறையை விட வேண்டியதாயிற்று. பின்பு கண் மருத்துவம் பயின்று, தம் வளைந்த விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் 1,00,000-க்கு மேற்பட்ட கண்களுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். கைக்கேற்பக் கருவியை மாற்றிக்கொண்ட இச்செயலில், நாம் இன்று பேசும் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடமும் பாடமும் பரீட்சையும் கருவிகள். அவை பிள்ளைக்கேற்ப மாற வேண்டும்.

கண், காது சோதனைக்குக் காசு வேண்டுமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பார்க்க மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றனர். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் ஒளித்து வைக்காதிருத்தலே நாம் செய்ய வேண்டுவது.

சோதனை முடிந்தபின் திட்டம் எழுத வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுத்தில் திட்டம் வகுக்க வேண்டுமென்று அமெரிக்க நாடு 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதித்தது. ஆண்டுக்கொரு முறையேனும் அதை மீண்டும் பார்த்துத் திருத்த வேண்டுமென்றும் விதித்தது. நம் நாட்டுச் சட்டமும், ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்குமாறு கல்வி நிலையங்களைப் பணிக்கிறது. திட்டம் எப்படியிருக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

சோழவந்தானை அடுத்த ஒரு கிராமத்தில் நான்காம் வகுப்பிற் படிக்கும் 9 வயதுச் சிறுவன் ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தகப்பனார் கொடிக்காலில் வேலை செய்பவர். சிறுவன் வெற்றிலையைக் கவுளி கவுளியாய் எண்ணி, விலையை வாய்க்கணக்காய்ச் சொல்லிவிடுவான். கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தாலோ இரண்டு வரி வாசிப்பதற்குள் வியர்த்துப்போகிறான். கண்ணிலும் காதிலும் பழுதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இவன் எங்கே தடுக்குகிறான் என்று ஆசிரியர் உற்றுப் பார்க்க வேண்டும். ‘படிக்கத் தெரியவில்லை’ என்று எழுதுவது திட்டமாகாது. தனியெழுத்துகள் தெரிகின்றனவா? ககர வரிசை முழுதும் தெரிகிறதா? ணகர, னகர, நகரங்கள் குழம்புகின்றனவா? நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். ‘கெ’ என்று ஒலிக்கும்போது ககர ஒலி முன்னும் எகர ஒலி பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. ‘கொ’ என்பதில் ககரத்துக்கு இருபுறமும் குறிகள் நிற்கின்றன. செவி கேட்ட வரிசை ஒன்று, கண் காணும் வரிசை மற்றொன்று. மற்றப் பிள்ளைகள் இதை அறியாமலே கடந்துவிடுகின்றனர். இவ்வகைப் பிள்ளைக்கு இது ஒரு பெருஞ்சுவர். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவம் ஒழுங்குபட்டது. கொம்பின் சிக்கல் அப்படியே இருக்கிறது. ஆதலின் திட்டத்தின் முதல் வரி இவ்வாறு அமையலாம்: ‘உயிர், மெய், அகர வரிசை, ஆகார வரிசை தெரியும், கொம்பு வரும் எழுத்துகளில் தடுமாறுகிறான், கேட்டதை நன்றாய் நினைவில் வைக்கிறான், வாய்க்கணக்கில் வல்லவன்.’ குறையும் நிறையும் ஒரே வரியில் வந்துவிட்டன.

இரண்டாவது, எட்டத்தக்க இலக்கு. ‘ஆண்டு முடிவில் நன்றாய்ப் படிப்பான்’ என்பது இலக்கன்று, ஆசை. ‘தீபாவளிக்குள் கெ, கே, கை என்னும் மூன்று வரிசைகளையும் தடையின்றி வாசிப்பான், பொங்கலுக்குள் அவ்வெழுத்துகள் வரும் இருபது சொற்களை எழுதுவான், முழுவாண்டுத் தேர்வுக்குள் ஐந்து வரிக் கதையொன்றைத் தானே வாசிப்பான்’ என்பன இலக்குகள். நாள் குறித்தால்தான் நிறைவேறிற்றா என்று கேட்க முடியும்.

மூன்றாவது, வழி. இங்கே நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைக்க வேண்டும். பிள்ளை மணலில் விரலால் எழுதும். எழுதும்போதே உரக்கச் சொல்லும். சொன்னதைத் தானே கேட்கும். விரல், நா, செவி, கண் நான்கும் ஒருங்கே உழைக்கும். ஒரு பாடம் படிந்தபின்பே அடுத்தது. பக்கத்துப் பிள்ளை எங்கிருக்கிறது என்ற கணக்கில்லை. வல்ல பிள்ளை சட்டாம்பிள்ளையாயிருந்து மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். இம்முறையிற் சிலவற்றைச் சென்னை எழும்பூரில் அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789 முதல் சில ஆண்டுகள் கையாண்டு, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கே அது ‘மதராஸ் முறை’ என்று பெயர்பெற்றது. கற்றல் குறைபாடுடைய பிள்ளைகளுக்குப் பல புலன்களாலும் கற்பிக்க வேண்டுமென்று இன்றைய சிறப்பாசிரியர்கள் கூறி மணலைப் பரப்பும்போது, நாம் கைவிட்ட பொருளே நமக்குத் திரும்பி வருகிறது. திண்ணைப் பள்ளியின் கோலையும் கோதண்டத்தையும் விட்டுவிட்டு மணலை மட்டும் எடுத்துக்கொள்வோமாக.

நான்காவது, ஆள். வகுப்பாசிரியர் நாள்தோறும் 15 நிமிஷம். அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் தாம் வரும் நாட்களில். மாலையில் தமக்கை கதை வாசித்துக் காட்டுதல். வகுப்பிற் பக்கத்திலிருக்கும் தோழன் கரும்பலகையில் உள்ளதை மெல்லச் சொல்லுதல். ஒவ்வொருவர் பெயரும் தாளில் இருக்க வேண்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்ற இடத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை.

ஐந்தாவது, மறுபார்வை. குறித்த நாளில் ஆசிரியரும் பெற்றோரும் கூடித் தாளை எடுத்துப் பார்த்து, ஆகாததை மாற்றி எழுத வேண்டும். இலக்கு தவறினால் பிள்ளையைக் கடிதலாகாது. திட்டத்தைத் திருத்த வேண்டும். இவ்வைந்தும் அடங்க இரண்டு பக்கத் தாள் போதும்.

மற்றக் குறைகளுக்கும் முறை இதுவே, உள்ளுறை மாறும். கண் தெரியாத பிள்ளைக்குப் புள்ளியெழுத்தும் ஒலிநூலும். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியும், ஆசிரியர் முகம் தெரியும் முன்வரிசை இடமும். கால் வழங்காத பிள்ளைக்குத் தரைத்தளத்தில் வகுப்பும், படிக்குப் பதிலாகச் சாய்தளமும், கதவு அகன்ற கழிப்பறையும். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்குத் தானே உண்ணல், உடுத்தல், காசு எண்ணல், பேருந்து எண்ணை அறிந்து ஏறல் ஆகியனவே பாடங்களாகலாம். அவையும் கல்வியே. அப்பாடத்தில் ஒரு படி ஏறிய பிள்ளை, மற்றொரு பிள்ளை மாநிலத்தில் முதல்வனாய் வந்ததற்குக் குறைந்ததொன்றைச் செய்துவிடவில்லை.

சட்டம் இதற்கெல்லாம் துணையாயிருக்கிறது. நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத குறையுடைய பிள்ளை, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கும் உரிமை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிப்பட்டது. உயர்கல்வியில் நூற்றுக்கு 5 இடங்களும், அரசு வேலையில் நூற்றுக்கு 4 இடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் உதவியாளர், மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவற்றையும் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நம் மாநிலப் பொதுத்தேர்வுகளிலும் இச்சலுகைகள் நடைமுறையில் உள்ளன. ஆயினும் இவற்றை மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். பரீட்சைக்கு முந்திய வாரம் ஓடினால் எதுவும் கிட்டாது. திட்டம் எழுதி வைத்த வீட்டில் இந்நாள் தவறுவதில்லை.

சட்டம் வருமுன்னரே இத்தென்பாண்டி நாட்டில் இவ்வேலையைத் தொடங்கியவர்கள் உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோர்க்கெனப் பள்ளி தொடங்கினார். 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது வீழ்ந்து கழுத்தின்கீழ் உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தம் ஊராகிய தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். மதுரையை அடுத்த சுந்தரராஜன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-இல் நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னாவும் பார்வையற்றவரே. பின்னிருவரும் பிறர் கையை எதிர்பார்த்திருக்க வேண்டியவர்கள் என்று உலகம் நினைத்தவர்கள். பிறர்க்குக் கை கொடுத்தார்கள்.

அண்மைக் காலத்துச் செய்தியும் ஒன்று உண்டு. மதுரைப் பெண்ணாகிய பூரண சுந்தரி சிறுவயதிலேயே பார்வையிழந்தவர். 2019-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் இந்திய நாடு முழுவதற்கும் 286-ஆம் இடம் பெற்றார். முடிவு 2020-இல் வெளியாயிற்று. ஒலிவடிவப் பாடங்களைக் கேட்டும், பெற்றோர் புத்தகங்களை வாசித்துக் காட்டக் கேட்டும் அவர் கற்றார். பத்திரிகைகள் அவர் படத்தை வெளியிட்டன, நாமும் மகிழ்ந்தோம். ஆயின் அவ்வெற்றிக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் பக்கங்கள் உரக்க வாசிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை எண்ணுங்கள். மாம்பழக் கவிராயருக்கு வேண்டியிருந்ததும் பூரண சுந்தரிக்கு வேண்டியிருந்ததும் ஒன்றே: நாள் தவறாமல் வாசிக்கும் ஒரு குரல். அக்குரலைத் தருவதற்குக் கோடிப் பணம் வேண்டுவதில்லை.

பணமே வேண்டாமோ எனில், வேண்டும். சிறுகச் சிறுக வேண்டும். விருதுநகரில் 1889-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலையை நாம் அறிவோம். வணிகர் தந்த மகமையாலும் வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியாலும் வளர்ந்த அப்பள்ளியிலேயே காமராஜர் பயின்றார். அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்தவர்கள், எந்தப் பிள்ளைக்காக என்று கேட்கவில்லை. அந்த மனப்பான்மையே நமக்கு இப்போது வேண்டுவது. இப்பிள்ளைகளுக்கு வேண்டிய செலவு பெரும்பாலும் எது? மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைக்குப் பிள்ளையை அழைத்து வரும் தாயின் பேருந்துச் செலவு, அன்று அவள் இழக்கும் கூலி, செவிக்கருவிக்கு மின்கலம், காலணியும் ஊன்றுகோலும் வளர்ச்சிக்கேற்ப மாற்றும் செலவு. சிறப்புப் பள்ளியில் இலவச இடம் கிடைத்தும், கொண்டுபோய் விட ஆளின்றிப் பிள்ளை வீட்டிலிருப்பதுண்டு. இச்சிறு செலவுகளே வாயிலை அடைத்து நிற்கின்றன.

சங்கங்களின் உபகாரச் சம்பளம் பெரும்பாலும் மதிப்பெண்ணைக் கொண்டு வழங்கப்படுவது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவனுக்கு மாலையும் பணமுடிப்பும் கிடைக்கின்றன, அது தக்கதே. ஆனால் அவ்விதியின்படி, நாம் இவ்வளவு நேரம் பேசிய பிள்ளைகளில் ஒருவர் பெயரும் பட்டியலில் வர வழியில்லை. ஓடத் தெரிந்தவனுக்கே கைத்தடி வழங்குவது போன்றது அது. ஆதலின் இச்சபையின்முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, உபகாரச் சம்பள நிதியில் ஒரு பங்கை மதிப்பெண் பாராமல் இப்பிள்ளைகளின் போக்குவரவுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கிளையிலும் இருவரை, அவர்களில் ஒருவரேனும் பெண்ணாயிருக்கும்படி தேர்ந்து, மருத்துவச் சான்று பெறவும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும், பள்ளியில் திட்டம் எழுதும் நாளில் பெற்றோர் பக்கத்தில் அமரவும் பழக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய், தலைமையாசிரியர் அறையில் தனியே நிற்குங்கால் ஒன்றும் கேளாமலே திரும்பிவிடுவாள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் கேட்பாள். மூன்றாவது, சமூகச் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளே சாய்தளமும் சிறப்பாசிரியரும் உடையனவாய் முன்மாதிரியாக விளங்க வேண்டும். நான்காவது, உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் படம் பிடித்தல் கூடாது. பெற்றோர் சம்மதமின்றி அவர்கள் பெயர் பத்திரிகையில் வருதலும் கூடாது. உரிமையாய்ப் பெறுவதைப் பிச்சைபோல் காட்டினால், அடுத்த தாய் வரமாட்டாள்.

ஐந்தாவது வேண்டுகோளுக்குப் பணம் ஒரு காசும் வேண்டா. ஆயினும் ஐந்தனுள் அதுவே அரிது. ஒரு வீட்டில் இத்தகைய பிள்ளை உண்டென்பதற்காக அவ்வீட்டுப் பெண்ணை வேண்டாமென்பதில்லை என்று நம்மிற் பெரிய குடும்பங்கள் முதலில் உறுதிகொள்ள வேண்டும். உண்மையை மறையாமற் சொல்லிச் சம்பந்தம் பேசும் வீட்டாரை மற்றவரினும் நம்பத்தக்கவராய் மதிக்க வேண்டும். இத்தகைய கலியாணங்கள் சில நம் கண்முன் நடந்தால், உள்ளறைக் கதவுகள் பல தாமே திறக்கும். அக்கதவு திறவாத வரையில், நாம் வகுக்கும் திட்டம் எவ்வளவு நன்றாயினும், எழுதுவதற்குப் பிள்ளையின் பெயர் கிடையாது.

அன்பர்களே! நாம் புதிய கட்டடம் ஒன்றுக்கும் அடிக்கல் நாட்டச் சொல்லவில்லை. பெரிய காரியத்தைப் பேசிக் கலைந்துபோதலினும், இரண்டு பக்கத் தாள் ஒன்றை எழுதி முடித்தல் மேல். இவ்வாண்டில் ஒரு கிளைக்கு ஒரு பிள்ளை வீதம் தொடங்குவோம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, எத்தனை திட்டங்கள் எழுதப்பட்டன, அவற்றுள் எத்தனை குறித்த நாளில் திரும்பப் பார்க்கப்பட்டன என்னும் இரண்டு எண்களையும் காரியதரிசி அவர்கள் சேர்த்து வாசிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம். பெயர்கள் வேண்டா, எண்கள் போதும்.